பதினொன்று நாற்பது

ஜூன் 16, திங்கள்

இன்று காலை பங்குச் சந்தை திறந்ததிலிருந்து மாலை மூடும்வரை நான் எழுதிய கணினி நிரல் நிற்காமல் ஓடியது. ஐந்நூறு பங்குகள். நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றின் விலையையும் வாங்கிப் பார்த்து, அன்றைய தொடக்க விலையிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தால் அதன் பெயரைச் சிவப்பில் காட்ட வேண்டும். ஒன்பது நாற்பத்திரண்டுக்கு முதல் சிவப்பு வந்தது. ஒரு சர்க்கரை ஆலை. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் ஒரு சர்க்கரை ஆலைக்காக எழுந்து நிற்பது அழகில்லை என்று உடனே உட்கார்ந்தேன்.

இதே வேலையைச் செய்ய இணையத்தில் தயாராகக் கிடைக்கும் ஸ்கேனர்கள் மூன்றைப் பார்த்துவிட்டுத்தான் இதில் இறங்கினேன். ‘நான்கு சதவீதம் சரிவு’ என்று காட்டுகிறார்கள். எதிலிருந்து சரிவு, எப்போதிலிருந்து சரிவு என்று எங்கும் எழுதவில்லை. எதிலிருந்து என்று சொல்லாத எண்ணை நான் நம்புவதில்லை. நூற்பாலையின் கணினிப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் சம்பளப் பட்டியல் நிரல் எழுதியவள் நான். என் கணவர் தேவராஜ் இருந்தவரை பங்குகளை அவர் பார்த்துக்கொண்டார். ஊகத்தில் வாங்குவார், ஊகத்தில் விற்பார். எனக்கு ஊகம் ஆகாது.

ஊட்டி கான்வென்ட்டில் பதினோரு வருடம் ஆங்கிலத்திலேயே நாட்குறிப்பு எழுதப் பழக்கினார்கள். சனிக்கிழமைதோறும் சிஸ்டர் அதை வாங்கிப் படிப்பார். யாரும் படிக்காத நாட்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுத வேண்டும் என்று அப்போதே தீர்மானித்திருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. சீல் பிரிந்திருந்ததால் திருப்பி அனுப்பினேன். நிரல் இரண்டு முறை நின்றது. தவறு என்னுடையதில்லை, இணைய இணைப்பினுடையது.

ஜூன் 21, சனி

எதிர்வீட்டு நாகமணி மாவு கொண்டுவந்தாள். இந்தக் குடியிருப்பில் பாதி வீடுகளுக்கு அவள் ஆட்டும் இட்லி மாவுதான். சொன்ன நேரத்துக்கு வருகிற ஒரே மனுஷி என்பதால் அவளை உட்காரச் சொல்வதுண்டு.

திரையைப் பார்த்தாள்.

“இதென்னங்கக்கா, கருப்புத் தரையில கோலமாட்ட இருக்குது?”

“ஷேர் விலை சரிஞ்சா இது சொல்லும்.”

“சரிஞ்சாத்தான் சொல்லுமா? ஏறுனாச் சொல்லாதுங்களா?”

“ஏறுனா ஊரே சொல்லும். அதுக்கு எதுக்கு நான்?”

சிரித்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினாள். மருதம் பம்ப்ஸ், முந்நூறு பங்குகள். அவள் கணவர் குழந்தைவேலு அங்கே வார்ப்படப் பட்டறையில் இருபத்தொன்பது வருடம் இருந்தவர். இருபத்தைந்து வருடம் முடித்தவர்களுக்குக் கம்பெனி கொடுத்த பங்குகளாம். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. இன்றைய விலைக்கு ஏழு லட்சத்துக்கு மேல் பெறும்.

“அவரு அச்சுல ஊத்துன இரும்புக்குக் கம்பெனி குடுத்ததுங்க. தரணிகா படிப்புக்குன்னே தொடாம வெச்சிருக்கறேன். எங்க ஷேரையும் உங்க கோலத்துல ஒரு ஓரமாப் போட்டு வைங்கக்கா. சரிஞ்சா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

ஐந்நூற்று ஒன்றாவது பெயராகச் சேர்த்தேன்.

ஜூன் 26, வியாழன்

நேற்று ஒரு மருந்துக் கம்பெனி திறக்கும்போதே ஏழு சதவீதம் கீழே திறந்தது. அதன் பிறகு அசையவில்லை. தொடக்க விலையிலிருந்து மட்டும் பார்க்கும் என் நிரலுக்கு அது சரிவாகவே தெரியவில்லை. வாய் திறக்காமல் இருந்துவிட்டது. ஆகவே விதியை மாற்றினேன். இனி முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து கணக்கு.

இதில் ஒரு சிக்கல். விலை அனுப்பும் நிறுவனம் ‘நேற்றைய விலை’யையும் சேர்த்தே அனுப்புகிறது. ஆனால் இரண்டு மூன்று பங்குகளுக்கு அவர்கள் சொல்லும் நேற்றைய விலை, நேற்று நான் கண்ணால் பார்த்த விலையாக இல்லை. நேற்றைய விலையை இன்று மாற்றிச் சொல்கிறவர்களை என்னவென்று சொல்வது? அவர்களுடைய எண் எனக்கு வேண்டாம். தினமும் மூன்றரைக்குச் சந்தை மூடியதும் எல்லா விலைகளையும் நானே என் கோப்பில் சேமித்து வைக்கிறேன். மறுநாள் அதோடுதான் ஒப்பீடு.

ஜூலை 1, செவ்வாய்

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சந்திரிகா லிஃப்டில் பிடித்துக்கொண்டாள். “மனோ ஆண்ட்டி, நீங்களே சாஃப்ட்வேர் எழுதறீங்களாமே! எங்க லேடீஸ் குரூப்புக்கு ஒரு நாள் காட்டக் கூடாதா?” அதுவரை என்னிடம் தண்ணீர் வரி ரசீதைத் தவிர எதுவும் பேசாதவள். வரும் பத்தாம் தேதி பன்னிரண்டு மணிக்கு என்று சொன்னேன். ஐந்து பேர். பிஸ்கட் போதும்.

ஜூலை 6, ஞாயிறு

மெல்போர்னிலிருந்து மகன் கௌதம் பேசினான். நிரலைப் பற்றிச் சொன்னேன். போனஸ், ஸ்ப்ளிட் எல்லாம் பார்த்துக்கொள்கிறாயா அம்மா என்று ஏதோ கேட்டான். அவன் பேச்சில் பாதி ஆங்கிலம், அதுவும் நல்ல ஆங்கிலம் இல்லை. கம்பெனிகள் வெளியிடும் அறிவிப்புகள் எல்லாம் எனக்கு வதந்தி மாதிரி, எண்கள் போதும் என்று சொல்லிவிட்டேன்.

மாலையில் நாகமணி தரணிகாவோடு வந்தாள். பிசியோதெரபி படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் முதல் வருடக் கட்டணம் கட்ட வேண்டும். குழந்தைவேலுவின் திதி இருபதாம் தேதி வருகிறது. அதற்கு முன் அவர் வைத்துவிட்டுப் போனதை விற்பதில்லை என்று அவள் வைராக்கியம். பொள்ளாச்சியில் இருக்கும் அவள் அண்ணன் துரைசாமி அன்று பணம் கொண்டுவந்து கட்டுவார். திதி முடிந்ததும் பங்குகளில் ஒரு பகுதியை விற்று அவருக்குக் கொடுத்துவிடுவாளாம்.

“திருப்பிக் குடுக்க வழியில்லாம யார்கிட்டயும் கை நீட்ட மாட்டேனுங்க. அண்ணனா இருந்தாலுஞ் சரி” என்றாள்.

அது எனக்குப் பிடித்தது. தரணிகா கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை வாங்கிப் பார்த்து, இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன்.

ஜூலை 10, வியாழன்

ஒன்பது பதினாறு. முதல் சுற்றிலேயே சிவப்பு. மருதம் பம்ப்ஸ். எண்பது சதவீதச் சரிவு.

செருப்புப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். நாகமணி கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு போனைத் திறந்தாள். அவளுடைய போனிலும் அப்படித்தான் காட்டியது. முந்நூறு பங்குகள், நேற்று ஏழு லட்சத்து இருபதாயிரம், இன்று ஒரு லட்சத்து நாற்பத்து நான்காயிரம்.

“அக்கா, இது நெசமுங்களா? கம்பெனிக்கு என்னாச்சு?”

“எப்படிச் சொல்றது? ஏதோ பெருசா நடந்திருக்கணும்.”

“உங்க கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லுதோ என்னமோ.”

“என் புரோகிராம் தப்பாச் சொல்லாது, நாகமணி. உன் போனும் அதையேதானே சொல்லுது? இருக்கறதையாவது வித்துரு. இன்னும் இறங்கும்.”

அவள் விற்கவில்லை. “அவரு திதிக்கு முன்னாடி எப்படிங்க” என்றாள். சுவரோரம் அப்படியே உட்கார்ந்தாள். போன் முழுக்க மாவு. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய முடியும்?

பன்னிரண்டு மணிக்குச் சந்திரிகாவும் மற்ற நால்வரும் வந்தார்கள். எல்லாம் நன்றாக நடந்தது. திரையில் இரண்டே சிவப்புகள், இரண்டும் சரியானவை. ஒருத்தி கேட்டாள்: “இது எப்பவாவது தப்பாக் காட்டுமா ஆண்ட்டி?” எழுதுகிறவர் ஒழுங்காக இருந்தால் காட்டாது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சந்திரிகா கைதட்டினாள்.

பிற்பகலில் நிரலில் ஒரு சிறு திருத்தம் செய்தேன். தலைவலி. சீக்கிரம் படுக்கப் போகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

மருதம் பம்ப்ஸ் விஷயத்தை நேற்றெல்லாம் யோசித்து இன்று மாலை கண்டுபிடித்தேன். பங்கு சரியவே இல்லை. கம்பெனி போனஸ் கொடுத்திருக்கிறது: ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு மேலும் நான்கு இலவசம். ஒன்று ஐந்தாகிறது, ஆகவே ஒவ்வொன்றின் விலையும் ஐந்தில் ஒன்றாகிறது. மொத்த மதிப்பு அப்படியே இருக்கும். புதிய பங்குகள் கணக்கில் வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் அதுவரை போன் பழைய எண்ணிக்கையைப் புது விலையால் பெருக்கிக் காட்டும். விலை அனுப்புகிறவர்கள் இதற்காகத்தான் நேற்றைய விலையையும் ஐந்தால் வகுத்து அனுப்புகிறார்கள். நான் என் கோப்பில் வைத்திருந்தது வகுக்காத விலை.

ஆறு மணிக்குப் போய் நாகமணியிடம் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

“அப்ப ஒண்ணும் போகலீங்களா?”

“ஒரு பைசா போகலை. முந்நூறு, ஆயிரத்து ஐந்நூறாகும்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தரணிகா உள்ளறை வாசற்படியில் வந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

“ஃபீஸ்?” என்று கேட்டேன்.

“இல்லீங்கக்கா. நேத்து ஒரு மணிக்கு அண்ணனுக்குப் போன் பண்ணி, வராதீங்கன்னுட்டேன். வாங்கி எப்படித் திருப்பிக் குடுக்கறது? காலேஜுல இருந்து மூணு மணிக்குக் கேட்டாங்க, கட்டலீன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்தர்றோம்னு. குடுங்கன்னுட்டேன்.” என் கையை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ஒரு நா முன்னாடி தெரியாமப் போச்சு. அதுக்கு யாரு என்ன பண்ணுவாங்க?”

ஜூலை 12, சனி

மழை இல்லை. திரைச்சீலைகளைத் துவைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

பங்குகள் வந்து சேர்ந்துவிட்டன. ஆயிரத்து ஐந்நூறு. நாகமணி எனக்குக் கேசரி கொண்டுவந்தாள். மாவு கொடுக்கும் வீடுகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள், “மனோரஞ்சிதம் அக்காதான் கண்டுபிடிச்சாங்க, இல்லாட்டி இன்னும் அழுதுட்டேதான் இருந்திருப்போம்” என்று. மூன்றாம் மாடிக்காரர் படிக்கட்டில் நின்று எனக்கு வணக்கம் சொன்னார்.

கேசரியை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

கஞ்சி போட்ட வெள்ளை கைத்தறிப் புடவையைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. முதல்வரைப் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒன்றே கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அட்மிஷன் பிரிவு எழுத்தரிடம் அனுப்பினார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை.

“அந்த சீட்டுல சேர்ந்த பொண்ணு நேத்தே ஹாஸ்டலுக்கு வந்தாச்சுங்க மேடம். இனி அடுத்த வருசந்தான்.”

ஒரு தவறான தகவலால் நேர்ந்தது, விதிவிலக்குக் கொடுக்கலாம் என்றேன். கூடுதல் கட்டணம் இருந்தால் நான் கட்டுகிறேன் என்றும் சொன்னேன்.

“நீங்க பொண்ணுக்கு என்ன வேணுங்க?”

“எதிர்வீடு.”

“எதிர்வீட்டுலதான் இருக்கறீங்க, அன்னிக்கே ஒரு போன் அடிச்சுச் சொல்லியிருக்கலாமேங்க. நாலு மணி வரைக்கும் வெச்சிருந்து பாத்தோம். நானே ரெண்டு தடவை கூப்புட்டேன்.”

பேருந்தில் திரும்பினேன். உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 17, வியாழன்

தரணிகா வந்தாள். தாயார் என்னை அக்கா என்பதால் அவளுக்கு நான் பெரியம்மா.

“பெரியம்மா, இந்த வருசம் பூராச் சும்மா உக்கோந்திருக்கணும். அந்தப் புரோகிராமைக் காட்டறீங்களா? அந்தத் தப்பை எப்படிப் பிடிச்சீங்கன்னு பாக்கோணும்.”

நாளை வா என்றேன்.

அவள் போன பிறகு நிரலைத் திறந்தேன். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. நிரலில் ஓர் எழுத்தை மாற்றினாலும் தேதி, நேரம், என்ன மாற்றம், யார் செய்தது என்று நிரலின் தலைப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி இல்லாத நிரலை எங்கள் மேலாளர் கையில் வாங்க மாட்டார். ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகியும் என் விரல்கள் அதைத் தாமாகவே செய்துவிடுகின்றன. தலைப்பில் பதினான்கு வரிகள் இருக்கின்றன. பதினான்காவது வரியில் நேரத்தை மாற்றினேன். தேதியையும்.

தலைப்பில் குறிப்பு எழுதாமல் நான் செய்த ஒரே திருத்தம் இதுதான்.

ஜூலை 18, வெள்ளி

காலை பத்து மணிக்குத் தரணிகா ஒரு நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைப்பிலிருந்தே படிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அந்த வரிகள் பிடித்துவிட்டன. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தாள். பதினான்காவதற்கு வந்தாள்.

“பதினொண்ணாந் தேதி, பதினேழு பத்து. போனஸ் பங்குகளுக்கு முந்தைய விலை வகுக்கப்பட்டது. ம.ர.” விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். “பதினேழு பத்துன்னா சாயங்காலம் அஞ்சு பத்து. எங்க வீட்டுக்கு ஆறு மணிக்கு வந்தீங்க. நல்லாச் சரி பாத்துட்டு உடனே ஓடியாந்திருக்கறீங்க பெரியம்மா.”

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. அவளுடைய ஒரு வருடம் போயிருக்கிறது. அவள் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

தலைவலி என்று அவளை அனுப்பிவிட்டேன். இப்போது மதியம் இரண்டு. உண்மையை எழுதுகிறேன்.

பத்தாம் தேதி எண்பது சதவீதம் என்று திரையில் பார்த்தபோதே என் மனதின் ஒரு ஓரம் இது சரியில்லை என்றது. எண்பது என்பது அவ்வளவு சுத்தமான எண். ஐந்தில் நான்கு. கம்பெனி எரிந்து சாம்பலானாலும் விலை ஐந்தில் நான்கு என்று அளந்து இறங்காது. அதைப் புறக்கணித்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்து, சங்கப் பெண்களுக்குக் காட்டுவதற்கு முன் சரிபார்க்க உட்கார்ந்தேன். சந்தையின் அறிவிப்புப் பக்கத்தைத் திறந்தேன். அரை நிமிடம் ஆனது. மருதம் பம்ப்ஸ், போனஸ், ஒன்றுக்கு நான்கு. மூன்று வாரத்துக்கு முன்பே அறிவித்திருக்கிறார்கள். நிரலைத் திருத்தினேன். தலைப்பில் வரி எழுதினேன். பத்தாம் தேதி, பதினொன்று நாற்பது.

பிற்பகல் இல்லை. மறுநாள் மாலை இல்லை. பதினொன்று நாற்பது.

பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருந்தது. எதிர்வீட்டுக்குப் போக ஏழு அடி. கட்டணம் கட்ட நான்கு மணிவரை நேரம் இருப்பது எனக்குத் தெரியும். ஆறாம் தேதி நானே இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுந்து கதவுவரைகூடப் போனேன். போனால் அவள் அழுதுகொண்டே வெளியே வருவாள், அல்லது சிரித்துக்கொண்டே வருவாள், அந்த நேரத்தில் லிஃப்டிலிருந்து சந்திரிகாவும் மற்றவர்களும் இறங்குவார்கள், ‘ஆண்ட்டி புரோகிராம் தப்பாக் காட்டிருச்சாம்’ என்பார்கள். அவர்கள் போன பிறகு சொல்லலாம் என்று திரும்பி வந்து பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கினேன்.

அவர்கள் ஒன்றரைக்குப் போனார்கள். அப்போது போய்ச் சொல்லியிருந்தால் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். அல்லது நானே கட்டியிருக்கலாம். ஆனால் அதற்குள் அந்தக் கைதட்டலை வாங்கி வைத்துக்கொண்டுவிட்டேன். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர்கள் வீடு பூட்டியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் முழுக்க, இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று பழகிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் இல்லை. அந்த அளவுக்குப் போகவில்லை. சமையலறையில்.

பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்தேன், “நாகமணி, ஒரு நல்ல செய்தி.”

ஜூலை 19, சனி

போனேன். நாகமணி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். நாளை திதி, வாழையிலைக் கட்டு ஓரமாக இருந்தது. தரணிகா தரையில் உட்கார்ந்து என் நிரலைத் தன் நோட்டில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உக்காருங்கக்கா.”

நான் உட்காரவில்லை.

“நாகமணி, அந்தத் தப்பை நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்டுபிடிக்கலை. வியாழக்கிழமையே கண்டுபிடிச்சுட்டேன். பதினொண்ணு நாப்பதுக்கு.”

உளுந்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. “ராத்திரி பதினொண்ணு நாப்பதுங்களா?”

அவள் எனக்குக் கொடுத்த அந்த வழியை எடுத்துக்கொண்டிருக்கலாம். “காலையில” என்றேன். “பன்னெண்டு மணிக்குச் சந்திரிகா எல்லாம் வர்றாங்கன்னு வரலை. என் மானம் போயிரும்னு.”

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எட்டி அதை இறுக்கி மூடினாள்.

“பன்னெண்டு மணிக்கு எங்க வீட்டுக் கதவு தொறந்துதான் இருந்துச்சு. உங்க வீட்டுல எல்லாருஞ் சிரிச்சது எனக்குக் கேட்டுச்சு.” நிமிர்ந்து பார்த்தாள். “நான் அழுதது உங்களுக்குக் கேக்கலீங்களா?”

“கேட்டது.”

தரணிகா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். “அப்ப நேத்து நான் படிச்சது?”

“மாத்தி எழுதினது. நீ பாக்க வர்றேன்னு சொன்னதுக்கப்புறம் மாத்தினேன்.”

எழுதிய பக்கங்களை அவள் கிழிக்கவில்லை. நோட்டை மூடி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். அதைத்தான் நாகமணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கிட்டச் சொன்னதோட விட்டிருக்கலாமுங்க. அந்தப் புள்ளைகிட்ட ஏனுங்க? ரெண்டு நாளா உங்க பேச்சாவே இருந்தா.”

அடுத்த வருடக் கட்டணத்தை நான் கட்டுகிறேன், நான்கு வருடத்துக்கும் கட்டுகிறேன் என்றேன். வீட்டிலிருந்து கிளம்பும்போதே தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் அது. சொல்லும்போதே அதன் விலை எனக்குத் தெரிந்தது.

“காசு எங்கிட்ட இருக்குதுங்க” என்றாள் நாகமணி. “அன்னிக்கும் இருந்துச்சு.”

ஜூலை 20, ஞாயிறு

எதிர்வீட்டில் காலையிலிருந்து ஆட்கள். அவள் அண்ணன் துரைசாமி என்று நினைக்கிறேன், வெள்ளை வேட்டிக்காரர், வாசலில் நின்று போன் பேசினார். போன வருடம் எனக்கும் இலை போட்டுக் கூப்பிட்டார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

தலைப்பின் பதினான்காவது வரியைப் பழையபடி மாற்றினேன். பதினைந்தாவதாக ஒரு வரி சேர்த்தேன்: ‘17.07. பதினான்காம் வரியின் தேதியும் நேரமும் பொய்யாக மாற்றப்பட்டன. இன்று, 22.07, உண்மைத் தேதியும் நேரமும் மீண்டும் எழுதப்பட்டன. ம.ர.’

பிறகு சந்திரிகாவின் வீட்டுக்குப் போய், அன்று என் நிரல் தவறாகக் காட்டியதையும் அதை மறைத்துக்கொண்டு அவர்களுக்குக் காட்டியதையும் சொன்னேன். மற்றவர்களுக்கும் சொல்லிவிடு என்றேன். அவள் சீரியல் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஐயோ ஆண்ட்டி, இதுக்குப் போயா? அவங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லைல்ல? விடுங்க. நம்ம குரூப்ல அடுத்த மாசம் மறுபடி ஒரு கிளாஸ் எடுங்க.”

சீட்டுப் போனதைச் சொன்னேன். “அடுத்த வருஷம் கெடச்சுரும்” என்றாள். அவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டுச் சீரியல் சத்தத்தைக் கூட்டினாள்.

ஜூலை 24, வியாழன்

மாவு தீர்ந்து நான்கு நாள் ஆகிறது. கடையில் பாக்கெட் மாவு வாங்கினேன். புளிப்பு.

ஜூலை 28, திங்கள்

ஒரு வாரம் நிரலை ஓட்டவில்லை. இன்று ஓட்டினேன். எதற்கென்று கேட்டால், ஐந்நூற்று ஒன்றாவது பெயருக்காக. அந்தப் பொறுப்பை அவள் என்னிடமிருந்து இன்னும் திரும்ப வாங்கவில்லை.

பத்து இருபத்தொன்றுக்கு மருதம் பம்ப்ஸ் சிவப்பில் வந்தது. மூன்று புள்ளி நான்கு சதவீதம். இந்த முறை எழுந்து ஓடவில்லை. அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். போனஸ் இல்லை, வேறு எதுவும் இல்லை. காலாண்டு லாபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உண்மையான, சாதாரணமான சரிவு. விலை அனுப்புகிறவர்களின் எண்ணோடும் ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றுதான். எல்லாம் முடிந்தபோது பத்து இருபத்தைந்து.

செருப்பைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு மணியை அழுத்தினேன். நாகமணி கதவைத் திறந்தாள். முழுக்கத் திறக்கவில்லை, பாதி. கன்னத்தில் மாவு காய்ந்திருந்தது.

“மருதம் பம்ப்ஸ் இன்னிக்கு மூணரை சதவீதம்கிட்ட இறங்கியிருக்கு. இது நிஜமான இறக்கம். லாபம் கொஞ்சம் குறைஞ்சதால. பயப்பட ஒண்ணுமில்லை, விக்க வேண்டியதும் இல்லை. பாத்த உடனே சரிபாத்துட்டுச் சொல்ல வந்தேன். நாலு நிமிஷம் ஆச்சு.”

அவள் தலையசைத்தாள். கோபமாக இல்லை. தண்ணீர்க் கேன் போடுகிறவர், நாளைக்குக் கேன் வராது என்று சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வாளோ அப்படிக் கேட்டுக்கொண்டாள்.

“சரிங்க மேடம்” என்றாள்.

கதவை மெதுவாகவே சாத்தினாள். நான் திரும்புவதற்குள் உள்ளேயிருந்து தரணிகாவின் குரல் கேட்டது.

“யாரும்மா?”

“எதிர்வீட்டு மேடம்.”